வானூர்திக்குச் செவி தந்தவர்கள்: சுங்கை பெசி வான்தள வரலாற்றில் ஓர் ஆய்வு

திருவள்ளுவர் பொருட்பாலில் படைக்கு இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். தூதுக்கு ஒன்றும் ஒற்றாடலுக்கு ஒன்றுமாக மேலும் இரண்டு வகுத்தார். கேள்வி என்னும் அதிகாரத்தை இவை அனைத்திற்கும் முன்னரே வைத்தார். ஒரு படையின் ஆற்றல் வாளிலும் வேலிலும் மட்டும் இல்லை. செய்தி வந்து சேரும் வழியிலும், அதனைக் கேட்கும் செவியிலும் உள்ளது என்பது நம் முன்னோர் நன்கு அறிந்த உண்மையாகும்.

இருபதாம் நூற்றாண்டில் போர் வானத்துக்கு ஏறியது. அப்போதும் இவ்வுண்மை மாறவில்லை. வானூர்தி ஒன்று இரைச்சலோடு பறந்து சென்றால் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அதனைச் செலுத்துகின்றவரின் துணிவைப் புகழ்கிறோம். ஆனால், அவர் எங்கே செல்ல வேண்டும், அங்கே முகில் எப்படி உள்ளது, கீழே காத்திருப்போருக்கு என்ன தேவை என்பவற்றையெல்லாம் தரையில் ஒரு கொட்டகையில் அமர்ந்து, செவிக்கருவியை மாட்டிக்கொண்டு, பென்சிலால் எழுதிக் கொடுத்தவரை நாம் நினைப்பதில்லை. வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அவரை நினைப்பதில்லை.

வானொலி என்றவுடன் நம்மவர்க்குப் பாட்டும் செய்தியும் நாடகமும் நினைவுக்கு வருகின்றன. அது பலருக்கும் பொதுவாக ஒலிபரப்புவது. இங்கே நாம் பேசப்போவது மற்றொரு வகை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் கம்பியில்லாத் தந்தியும் கம்பியில்லாப் பேச்சுமே அவ்வகை. போர்க்கால வானூர்திகளுக்கு இச்சேவை இல்லாதபோது என்ன நேர்ந்தது, இருந்தபோது என்ன நேர்ந்தது என்பதை நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றைக்கொண்டே காணலாம். அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சுங்கை பெசி வான்தளம் ஒன்றே போதும்.

இடம்

பெட்டாலிங் ஜெயாவில் நின்று பார்த்தால் கிழக்கே சுங்கை பெசி, மேற்கே சுபாங். இரண்டு வான்தளங்களுக்கும் நடுவே நம் நகரம் அமைந்திருக்கிறது. இந்நகரமே அவசரகாலத்தின் குழந்தை எனலாம். கோலாலம்பூரின் நெருக்கடியைக் குறைக்கவும், புறம்போக்கு நிலங்களில் குடியிருந்தோரைக் குடியேற்றவும் எஃபிங்ஹாம் தோட்டம் என்னும் பால்மரத் தோட்டத்தில் 1950களின் தொடக்கத்தில் இது உருவாக்கப்பட்டது. அந்நாளில் இங்கு வீடு கட்டிக் குடியேறியவர்களின் தலைக்குமேல், சுங்கை பெசியிலிருந்து எழுந்த டகோட்டா விமானங்கள் நடுமலைத் தொடரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

சுங்கை பெசி தளத்தைச் சிம்பாங் விமான நிலையம் என்றும் அழைப்பர். 1965 ஆகஸ்டு 30-ஆம் நாள் சுபாங் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்படும் வரை தலைநகரின் வாயில் அதுவே. அதன்பின் அது மலேசிய அரச வான்படையின் தளமாக நிலைத்து, 2018-இல் மூடப்பட்டது. இத்தளம் தன் வாழ்நாளில் இரண்டு போர்களைக் கண்டது. முதற்போரில் அது செவிடாக இருந்தது. இரண்டாவதில் செவி பெற்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருளாகும்.

பேசாத கப்பலும் கேளாத தளமும்

1941-ஆம் ஆண்டின் இறுதியைக் காண்போம். பிரிட்டிஷார் மலாயாவின் பல இடங்களில் வான்தளங்களை அமைத்திருந்தனர். அத்தளங்களில் நிறுத்தப் போதிய விமானங்கள் இல்லை. அதனினும் பெருங்குறை ஒன்று இருந்தது. பகை விமானம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு வடமலாயாவில் மிகவும் மெலிந்திருந்தது. ராடார் நிலையங்கள் சிங்கப்பூரைச் சூழ்ந்தே அமைக்கப்பட்டிருந்தன. மற்ற இடங்களில் கண்ணால் பார்த்துச் சொல்லும் காவலர்களையே நம்ப வேண்டியிருந்தது. அவர்கள் தாம் கண்டதைப் பொதுமக்கள் பயன்படுத்திய தொலைபேசிக் கம்பிகளின் வழியே தெரிவித்தார்கள். குண்டு விழுந்து கம்பி அறுந்தால் செய்தியும் அறுந்தது. கம்பி அறுபடாதபோதும், செய்தி வந்து சேர்வதற்குள் விமானமே வந்துவிடும்.

கம்பியில்லாத் தந்தி முற்றும் இல்லாமற்போகவில்லை. 1941 டிசம்பர் 6-ஆம் நாள், கோத்தா பாருவிலிருந்து கிளம்பிய ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒன்று தென்சீனக் கடலில் ஜப்பானியக் கப்பல் கூட்டத்தைக் கண்டு செய்தி அனுப்பியது. அச்செய்தி உரிய இடத்துக்கு வந்தும் சேர்ந்தது. ஆனால் கப்பல்கள் எங்கே செல்கின்றன என்பதில் ஐயம் இருந்தமையால் மேலிடம் தயங்கியது. டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கோத்தா பாருக் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கினர். செய்தி வந்தால் மட்டும் போதாது, அதைக் கேட்டு முடிவு செய்வாரும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டு நாள் கழித்து நேர்ந்தது இதனினும் பெரிய பாடம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் நான்கு சிறு போர்க்கப்பல்களின் துணையோடு சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றிருந்தன. தலைவர் அட்மிரல் டாம் பிலிப்ஸ். தம் இருப்பிடம் பகைவருக்குத் தெரியாதிருக்க அவர் வானொலி மௌனம் காத்தார். குவாந்தானில் ஜப்பானியர் இறங்குகின்றனர் என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு தகவல் வந்தது. அது தவறான தகவல். பிலிப்ஸ் குவாந்தானை நோக்கித் திரும்பினார். திரும்பியதைச் சிங்கப்பூருக்கு அவர் தெரிவிக்கவில்லை. அவர்களே உய்த்துணர்ந்து போர்விமானங்களை அனுப்புவார்கள் என்று அவர் எண்ணியதாக வரலாற்றாசிரியர் கூறுவர்.

அதே வேளையில் சிங்கப்பூரின் செம்பவாங் தளத்தில், அக்கப்பல்களைக் காப்பதற்கென்றே ஆஸ்திரேலிய வான்படையின் 453-ஆவது அணி, புரூஸ்டர் பஃபலோ விமானங்களோடு காத்திருந்தது. எங்கே பறக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஜப்பானியர் பக்கம் நிலைமை வேறு. டிசம்பர் 10 காலையில் அவர்களுடைய வேவு விமானம் ஒன்று கப்பல்களைக் கண்டது. அதன் தலைவர் ஹோஅஷி உடனே இடத்தைக் குறித்து வானொலியில் அறிவித்தார். சைகோன் பகுதித் தளங்களிலிருந்து கிளம்பிக் கடலெல்லாம் தேடிக்கொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்கள் ஓரிடத்தில் குவிந்தன. பதினோரு மணிக்குப் பின் தாக்குதல் தொடங்கியது. பிலிப்ஸ் அப்போதும் பேசவில்லை. 11.58-க்கு ரிபல்ஸ் கப்பலின் தலைவர் டென்னன்ட்தாம் விமானத் தாக்குதலுக்கு ஆளாகியிருப்பதாகச் செய்தி அனுப்பினார். செய்தி கிடைத்த சில நிமிடங்களில் பஃபலோக்கள் எழுந்தன. ரிபல்ஸ் 12.33-க்கு மூழ்கியது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 1.20 அளவில் மூழ்கிக்கொண்டிருந்தபோதுதான் அவை வந்து சேர்ந்தன. கடலில் மிதந்த மனிதர்களைக் காண்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பணி எஞ்சவில்லை. 840 பேர் மாண்டனர்.

பஃபலோ விமானங்கள் முன்னரே வந்திருந்தாலும் கப்பல்கள் பிழைத்திருக்கும் என்று துணிந்து கூற இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. பேசிய பக்கம் தன் விமானங்களை ஒன்று சேர்த்தது. பேசாத பக்கத்தின் விமானங்கள் தரையிலேயே நின்றன.

இதே 453-ஆவது அணிதான் அடுத்த சில நாட்களில் வடக்கே ஈப்போ, பட்டர்வொர்த் என்று அலைந்து, பின்வாங்கி, டிசம்பர் பிற்பகுதியில் நம் கோலாலம்பூர் வான்தளத்துக்கு வந்தது. வடமலாயாவின் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய மூன்றாவது இந்தியப் படைப்பகுதியின் தலைமையகமும் கோலாலம்பூரில்தான் இருந்தது. தலைநகரைக் காக்க வந்த விமானிகளுக்குப் பகைவரைப் பற்றிய முன்னறிவிப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது. அறிவிப்புக் கிடைத்த பின் பஃபலோ உயரம் ஏறுவதற்கும் நேரம் வேண்டும். பறக்கும்போது தளத்தோடு பேசுதற்குரிய கருவியும் நம்பத்தக்கதாக இல்லை. டிசம்பர் 22-ஆம் நாள் கோலாலம்பூர் வானில் நடந்த போரில் அவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். எஞ்சியவை கிறிஸ்துமசுக்கு முன்னரே சிங்கப்பூருக்குத் திரும்பின. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. விமானிகளிடம் வீரம் குறைவுபடவில்லை. தரையில் செவி இல்லை.

பேராக் மலையில் ஒரு குரல்

இரண்டு போர்களுக்கும் இடையே ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. அதற்குக் கோலாலம்பூரை விட்டுச் சற்றே வடக்கில் பேராக் மலைக்காட்டுக்குச் செல்ல வேண்டும். 1943 மே 24-இல் ஜான் டேவிஸ் என்பவரும் சில சீனத் தோழர்களும் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினர். அவர்கள் 136-ஆம் படை என்னும் மறைபடையைச் சேர்ந்தவர்கள். காட்டிலிருந்த எதிர்ப்பு வீரர்களுக்கு வெளியிலிருந்து ஆயுதமும் மருந்தும் வரவழைப்பது அவர்கள் நோக்கம். அதற்குக் கம்பியில்லாத் தந்திக் கருவி வேண்டும். அந்நாளைய கருவியோ மின்கலங்களோடும் மின்னாக்கியோடும் சேர்ந்து பெருஞ்சுமை. ஜப்பானியரின் கண்ணில் படாமல் அதைக் கரையிலிருந்து மலைக்குக் கொண்டுசெல்வது எளிதாக இல்லை. பின்னர் வந்து சேர்ந்த லிம் போ செங் 1944-இல் பிடிபட்டு, பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார்.

1945 பிப்ரவரி முதல் நாள்தான் காட்டிலிருந்து இலங்கையோடு தொடர்பு கிடைத்தது. அதன்பின் நிலைமை மாறியது. இலங்கைத் தளங்களிலிருந்து லிபரேட்டர் விமானங்கள் இந்து மாக்கடலைக் கடந்து வந்து ஆட்களையும் பொருள்களையும் குடைமூலம் இறக்கின. போய்வர ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும் நெடும்பயணம் அது. ஏறத்தாழ இருபது மாதங்கள் ஊமையாக இருந்த ஒரு குழு, குரல் பெற்ற சில வாரங்களில் வானத்திலிருந்து உணவு பெற்றது. விமானம் முன்பும் இருந்தது. கீழிருந்து அதை அழைக்கும் வழிதான் இல்லாதிருந்தது.

அவசரகாலத்துச் செய்திச் சங்கிலி

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். ஜூன் 18-இல் மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. இம்முறை சுங்கை பெசி வான்தளம் வேறொரு தோற்றம் கொண்டது. பிரிட்டிஷ் வான்படை 'ஃபயர்டாக்' என்னும் பெயரால் நடத்திய நடவடிக்கைக்கு அது ஒரு முக்கியத் தளமாயிற்று. டகோட்டா, அதன்பின் வலெட்டா போன்ற சுமைவிமானங்களும், ஆஸ்டர் என்னும் சிறு விமானங்களும், 1950 முதல் ஹெலிகாப்டர்களும் படைக்காலத்தில் பணி செய்தன. இத்தளத்தின் உயிர்நாடி காட்டிலிருந்து வரும் செய்தியே.

அச்சங்கிலி எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். ஒரு படைக்குழு காட்டுக்குள் நுழைகிறது. முதுகில் சுமக்கக்கூடிய உணவு சில நாட்களுக்கே வரும். அது தீருமுன் வானிலிருந்து உணவு இறங்க வேண்டும். ஆகவே, குழுவின் வானொலி வீரர் குறித்த நேரத்தில் கருவியை இறக்கிவைத்து, இரு மரங்களுக்கிடையே கம்பி கட்டுவார். அரிசி எத்தனை, மின்கலம் எத்தனை, காலணி எந்த அளவு, மருந்து எது என்பதைக் குறிமொழியில் அனுப்புவார். அது முதலில் காட்டோரத்திலுள்ள தம் முகாமுக்குச் செல்லும். அங்கிருந்து மேல் தலைமையகத்துக்கும், அதன்பின் கோலாலம்பூரில் தரைப்படையும் வான்படையும் கூடி முடிவெடுக்கும் நிலையத்துக்கும் செல்லும். அங்கே வரைபடத்தில் இடம் குறிக்கப்படும். வான்தளத்தில் பொருள்களைக் கட்டிக் குடைபொருத்துவார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ விமானம் எழும்.

காட்டில் இருப்போரின் வேலை அத்துடன் முடியவில்லை. மரங்களை வெட்டிச் சிறு வெளி உண்டாக்க வேண்டும். வண்ணத் துணிகளை விரிக்க வேண்டும். புகை எழுப்ப வேண்டும். மரமுடிகள் வானத்தை மூடியிருந்தால், வாயு நிரப்பிய பலூனைக் கயிற்றில் கட்டி இலைக்கூரைக்கு மேலே விட வேண்டும். விமானி பச்சைக் கடலில் அந்த ஒரு புள்ளியைத் தேடுவார். சங்கிலியில் ஒரு கண்ணி பிழைத்தால், ஓர் எண் தவறாக எழுதப்பட்டால், ஒரு மலைத்தொடருக்கு அப்பால் அரிசி விழும், குழு பசித்திருக்கும்.

ஆஸ்டர் விமானங்களின் பணி இன்னும் நுட்பமானது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த 656-ஆவது அணி அவற்றைப் பயன்படுத்தியது. அடர்ந்த காட்டில் படைக்குழுவுக்கே தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமற்போவது உண்டு. சிறு விமானம் வட்டமிட்டுப் பறக்கும். கீழே உள்ளவருக்கு விமானம் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். 'இப்போது நேர் தலைக்கு மேல்' என்று வானொலியில் சொல்வார். விமானி அந்த நொடியில் வரைபடத்தில் புள்ளி வைப்பார். மேலிருப்பவர் கண்ணும் கீழிருப்பவர் செவியும் சேர்ந்தே ஓர் இடத்தை அறிந்தன.

1953-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுமலைப் பகுதியில் பூர்வகுடி மக்களின் இருப்பிடங்களுக்கு அருகே புரூக், கெமார், லெகாப் போன்ற காட்டுக்கோட்டைகள் அமைந்தன. அவற்றுக்குச் சாலை இல்லை. பயனியர் என்னும் விமானம் மிகச் சிறிய ஓடுபாதையிலும் இறங்கவல்லது. அதுவே அவற்றுக்கு உறவு. மலையில் முகில் இறங்கியிருக்கிறதா, ஓடுபாதை சேறாகியிருக்கிறதா என்பதைக் கோட்டையில் உள்ளவர் சொன்னாலன்றிக் கோலாலம்பூரில் இருப்பவருக்குத் தெரியாது.

காடும் அலையும்

மாணவர்க்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே ஒரு வினா எழுப்பலாம். காட்டில் வானொலி ஏன் இத்துணைத் தொல்லை தந்தது?

வானொலி அலைகளில் மிகக் குறுகியவை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. ஈரம் நிறைந்த இலைகளும் அடிமரங்களும் அவற்றை விழுங்கிவிடும்; மலை அவற்றை மறித்துவிடும். ஆகவே, விமானமும் தளமும் வெட்டவெளியில் பேசிக்கொள்ள உதவும் அலை, காட்டின் அடியிலிருப்பவர்க்குச் சிறிது தொலைவே உதவும். அதனினும் நீண்ட சிற்றலைகளைத் தரையோரமாக அனுப்பினாலும் காடு அவற்றை விரைவில் தேய்த்துவிடும். பின் என்ன வழி? அலையை ஏறக்குறைய நேர் மேலாக அனுப்புவதே வழி. வானத்தில் நூறு மைலுக்கும் அப்பால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு. அது இவ்வலையைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும். திரும்பிய அலை மழைபோல் சுற்றுவட்டாரம் முழுவதிலும் இறங்கும். மலையும் காடும் அதைத் தடுக்கமாட்டா. இதற்காகவே கம்பியை உயரமாக நிறுத்தாமல், தாழ்வாகவும் கிடையாகவும் கட்டினர்.

ஆனால் அக்கண்ணாடி கதிரவனால் ஆவது. பகலில் அதற்கு வலு அதிகம், இரவில் குறைவு. பகலில் பொருந்திய அலைநீளம் இரவில் பொருந்தாது. வானொலிக்காரர் இரவுக்கு மெகாசைக்கிள் எண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இக்காலத்தார் அதனை மெகாஹெர்ட்ஸ் என்பர். குறைந்த எண்களிலோ இடிமின்னலின் கரகரப்பு மிகுதி. மாலைதோறும் இடி இடிக்கும் நம் நாட்டில், அக்கரகரப்புக்கு நடுவே மோர்ஸ் ஒலியின் குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்பது பயின்ற செவிக்கே இயலும். 1950களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் செய்த ஏ-510 என்னும் இலகுவான கருவி வந்தது, முதுகுச்சுமை குறைந்தது. செவியின் வேலை குறையவில்லை.

ஒலியின் இயல்பைக் கருதாமல் கருவி மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: காட்டிலிருப்போரைச் சரணடையச் சொல்லும் ஒலிபெருக்கி விமானங்களை அரசு பயன்படுத்தியது. வலெட்டா விமானத்தில் ஒலிபெருக்கியைப் பொருத்தியபோது அதன் எஞ்சின் இரைச்சலே பேச்சை அமுக்கியது. பின்னர் டகோட்டாவே ஏற்றதெனக் கண்டனர்.

சொல்லும் செவியும்

மொழியாசிரியர்க்கு இவ்வரலாற்றில் மகிழ்ச்சி தரும் செய்திகளும் உண்டு. எழுத்துகளின் பெயர் ஒன்றோடொன்று மயங்காமலிருக்க ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வைத்துச் சொல்வது வானொலி மரபு. அவசரகாலத்தின் தொடக்கத்தில் 'ஏபிள், பேக்கர்' என்று தொடங்கும் வரிசை வழங்கியது. 1956 மார்ச் முதல் நாளிலிருந்து 'ஆல்ஃபா, பிராவோ' என்னும் வரிசை உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் நாவுக்கு மட்டுமன்றி, பிரெஞ்சு, ஸ்பானிய மொழியினரின் நாவுக்கும் எளிதாக இருக்கும் சொற்களைத் தேடி அமைத்த வரிசை அது. 'செய்தி கிடைத்தது' என்னும் பொருளில் 'ரோஜர்' என்பர். கிடைத்தது என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்குப் பழைய வரிசையில் ரோஜர் என்று பெயர். புதிய வரிசையில் அவ்வெழுத்து ரோமியோ ஆகிவிட்டது. ஆனால் ரோஜர் மட்டும் விமானிகளின் நாவை விட்டு அகலவில்லை. எழுத்து மாறியும் சொல் நின்ற கதை இது. நம் இலக்கணத்தில் மரபுச் சொல் என்று கற்பிக்கும்போது இதனையும் எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

மலாய் மொழியில் இத்துறைப் படைக்குச் 'செம்போயான்' என்று பெயர். மலேசியத் தரைப்படையின் அரச செம்போயான் படை இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. நம் தமிழில் 'சைகை', 'சமிக்ஞை', 'குறியொலி' என்று பல சொற்கள் உலவுகின்றன, ஒன்றும் நிலைபெறவில்லை. பணி செய்தவர்களை நாம் மறந்தமையால் பணியின் பெயரும் நமக்கு நிலைக்கவில்லை போலும்.

பெயர் பெற்றவரும் பெறாதவரும்

1950 ஆகஸ்டு 25-ஆம் நாள் டகோட்டா விமானம் ஒன்று கிளந்தான் காட்டில் விழுந்து நொறுங்கியது. குண்டுவீச்சு விமானங்களுக்கு இலக்கைப் புகையால் குறித்துக்காட்டச் சென்ற விமானம் அது. அதிலிருந்த 12 பேரும் மாண்டனர். எச்சங்கள் நெடுங்காலம் காட்டிலேயே கிடந்தன. 2008-இல் அவை மீட்கப்பட்டு, 2012-இல் கோலாலம்பூர்ச் செராஸ் சாலைக் கல்லறையில் உரிய மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. அறுபதாண்டுக்குப் பின்னும் ஒரு நாடு தன் மக்களைத் தேடி எடுத்துப் பெயர் பொறித்தது. இது பாராட்டத்தக்க செயல்.

அந்த விமானத்துக்கு இடம் சொன்ன செய்தியைக் கேட்டெழுதியவர்கள், வான்தளத்தின் கம்பிகளைப் பழுதுபார்த்தவர்கள், மின்கலத்தில் மின்னேற்றியவர்கள் ஆகியோருக்கு அத்தகைய கல் இல்லை. வானூர்தியில் ஏறினால் பதிவேட்டில் பெயர் ஏறும். தரையில் நின்றால் சம்பளப் பட்டியலோடு பெயர் போய்விடும்.

இங்கேதான் தமிழர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் ஒரு பங்கு இருக்கிறது. போருக்கு முன்னரே மலாயாவின் ரயில்வேயிலும் அஞ்சல் தந்தி இலாகாவிலும் யாழ்ப்பாணத் தமிழர் பெருந்தொகையினராகப் பணியாற்றினர். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகள் அதற்குச் சான்று. தந்திக் கருவியின் தட்டொலியைச் செவியால் படிக்கும் திறன் மலாயாவில் அவர்களுடைய குடும்பத் தொழில்களுள் ஒன்றாகவே விளங்கியது. 1946-இல் தொலைத்தொடர்புக்குத் தனி இலாகா ஏற்பட்டபோதும் அத்திறன் தொடர்ந்தது. கூர்க்கா வீரர்க்கு வானொலிப் பணியில் பயிற்சி தரும் பிரிவும் 1948-49-இல் கோலாலம்பூரில்தான் தொடங்கியது. இவ்வாறு பல இனத்தாரின் செவிகள் சேர்ந்தே அச்சங்கிலி அமைந்தது.

மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. விமானம் அரிசியை மட்டும் இறக்கவில்லை, குண்டும் வீசியது. சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் அச்சிட்ட துண்டறிக்கைகளையும் தூவியது. தோட்டங்களில் நம் மக்கள் முள்வேலிக்குள் லயங்களை மாற்றிக்கொண்டு, ஊரடங்குச் சட்டத்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் நடுவே வாழ்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரே இனத்தார் சிலர் வான்தளத்தில் பணி செய்தனர். சிலர் அவ்விமானத்தின் இரைச்சல் கேட்டு அஞ்சினர். செய்திச் சங்கிலி நல்லதும் அன்று, தீயதும் அன்று. அது கொண்டுசெல்வது எதுவோ அதன் தன்மையையே பெறும். எனினும், அதை இயக்கியவர் இன்னார் என்று அறிந்தால்தான் அக்காலத்தை முழுமையாக அறிந்தவராவோம்.

1958-இல் மலாயாவின் சொந்த வான்படை பிறந்தது. அதன் முதல் விமானமாகிய டுவின் பயனியருக்குத் துங்கு அப்துல் ரகுமான் 'லாங் ராஜாவாலி' என்று பெயர் சூட்டினார். அப்படை புதிதாகக் கட்டத் தேவையில்லாத ஒன்று அப்போது ஏற்கெனவே இருந்தது. பத்தாண்டு அவசரகாலத்தில் பயின்ற செவிகளும், காடுமலை கடந்து அமைந்த வானொலித் தொடர்பும் அவை. 1941-இல் பஃபலோ விமானிகளுக்குக் கிட்டாத செல்வம் அது.

செய்ய வேண்டிய பணி

இவ்வரலாற்றிலிருந்து பெறும் முடிவு ஒன்றே. வான்படையின் வெற்றி தோல்வியை விமானத்தின் எண்ணிக்கை மட்டும் முடிவு செய்வதில்லை. டிசம்பர் 1941-இல் செம்பவாங்கில் விமானம் இருந்தது, செய்தி இல்லை. 1945-இல் பேராக்கில் ஒரு கருவி பேசத் தொடங்கியதும் கடல் கடந்து விமானம் வந்தது. அவசரகாலத்தில் செய்தி ஒழுங்காக வந்தமையால், மிகப் பழைய டகோட்டாவும் பயன்பட்டது.

சுங்கை பெசி ஓடுபாதை இன்று ஓய்ந்துவிட்டது. அங்கே பணி செய்தவர்களுள் இன்னும் நம்மிடையே வாழ்பவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். தோட்டப் பள்ளிகளும் ஒவ்வொன்றாக நகர்ப்புறத்துக்குப் பெயர்கின்றன. தோட்டத்து நினைவுகளும் அவற்றோடு பெயர்ந்து மறைகின்றன. ஆசிரியப் பெருமக்கள் தம் மாணவரைப் பாட்டனார் வீட்டுப் பேழைகளைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். தந்தி இலாகாவின் பணிச்சான்று, படைப்பிரிவின் அடையாள அட்டை, மோர்ஸ் எழுதிய பழைய குறிப்பேடு, கோட்டைக்கு அருகில் எடுத்த நிழற்படம் ஆகிய எதுவாயினும் படியெடுத்து வைக்கலாம். அருகில் அமர்ந்து, அவர் எந்த ஆண்டில், எந்த இடத்தில், யாரோடு பேசினார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதலாம். மாணவர்க்கு அது கட்டுரைப் பயிற்சி. நாட்டுக்கு அது வரலாறு.

பிறர் சொல்வதைச் செவிமடுத்து எழுதுவதே அம்மனிதர்களின் பணியாக இருந்தது. இப்போது அவர்கள் சொல்வதைச் செவிமடுத்து எழுதுவது நம் பணியாகும்.